ஒரே குத்தில் சாகாத கல்தின்னி

ஜூன் 4

அம்மா,

முதலில் ஒரு கேள்வி. நீ ஏன் மூன்றாவது தடவை அடிக்கவில்லை?

மாமா இதை எழுதக் கூடாது என்றார். "ஜெயிலுக்குப் போற லெட்டரையெல்லாம் பிரிச்சுப் படிப்பாங்க பாப்பா. சுகமா இருக்கியான்னு மட்டும் கேளு." நீ சுகமாக இருக்க மாட்டாய் என்று எனக்கே தெரியும். தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

என் கையில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். முதலில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்ததால் மறுபடி உடைத்து நேராக வைத்தார்களே, அந்தக் கட்டு. புது டாக்டர், "யாரும்மா இப்படி முறுக்கினது?" என்று கேட்டார். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. "கல்தின்னி" என்று நம் கதைப் பூதத்தின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

நம் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ்காரர்கள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், புத்தகத்தை விட்டுவிட்டார்கள். ரத்தக்கறை இருக்கிறது என்று அத்தை அதைத் தூக்கிப் போடப் பார்த்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்துவிட்டார். ஒன்பதாம் அத்தியாயம் கிழிந்து கிடந்தது. பசை போட்டு ஒட்டிவிட்டேன். அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நூலி பாலத்தின் நடுவில் நிற்கிறாள். எதிர்ப் பக்கத்திலிருந்து கல்தின்னி பாலத்தையே கடித்துத் தின்றுகொண்டு வருகிறது. நீ அடித்தொண்டையில் "எனக்கு இன்னும் பசிக்குது" என்று கல்தின்னி மாதிரி பேசினாய். நான் சிரித்தேன். அப்போதுதான் அப்பா கதவை உதைத்தார். உதைத்தான். அவனுக்கு இனிமேல் மரியாதை போட்டு எழுத மாட்டேன்.

"நான் வர்றதுகூடத் தெரியாம என்ன கும்மாளம்?" என்றான். புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்தான். நான் இழுத்தேன். கையை முறுக்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. நீ தேய்த்துக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கினாய். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான்.

உனக்கு ஆறு வருஷம் போட்டார்கள். அவனுக்கு ஒரு கண் போனதோடு சரி. நன்றாக நடமாடுகிறானாம்.

மாமா பழைய புத்தகக் கடையெல்லாம் அலைந்து இன்னொரு பிரதி வாங்கிவிட்டார். இத்துடன் வருகிறது. ஒப்பந்தம் இதுதான்: ஒரு கடிதத்துக்கு ஒரு அத்தியாயம். முன்னால் படிக்கக் கூடாது. படித்தால் நாக்கு அழுகிவிடும்.

கேள்விக்குப் பதில் எழுது.

வாலு

*

ஜூன் 15

என் வாலுக்கு,

புத்தகம் வந்தது. உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மேட்ரன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். நாள் கணக்கில் பார்த்தார். கொடுக்கும்போது, "பாலத்துல நிக்கிறவளுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றார். யாருடைய நாக்கு அழுகும் என்று இப்போது தெரிகிறதா?

உன் கேள்விக்கு வருகிறேன். நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். நான் நிறுத்தவில்லை. கைப்பிடியெல்லாம் ரத்தமாக இருந்ததால் பெட்டி நழுவி என் கால் விரலில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். கோர்ட்டில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். கை வழுக்கியதால் ஆறு வருஷம். வழுக்காமல் இருந்திருந்தால் உனக்கு நரைக்கிற வரைக்கும் நான் உள்ளேதான். அந்த வழுக்கலை நினைத்து நிம்மதிப்படுகிறேன். கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை.

இங்கே என்னை லாண்டரியில் போட்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவள் ஆயிற்றே என்று இஸ்திரிப் பெட்டி கேட்டேன். "உன் கையில பெட்டியக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சேர வேணாமா?" என்றார் மேட்ரன் அம்மா. அதனால் நான் மடிப்பதோடு சரி. யாரோ ஒருத்தி அரைகுறையாகத் தேய்த்துத் தருவதை மடித்து வைக்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் அறையில் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் கத்தரி என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்பதில்லை. புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கே, "படிச்ச மேதைக்கு வந்த பார்சலப் பாருங்கடி" என்று பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. வயிற்றில் உதைத்தாள். கீழே விழுந்தும் விடவில்லை. வாயில் உதைத்தாள். இடது பக்கம் ஒரு பல் போய்விட்டது. சோற்றுக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை, நீ கவலைப்படாதே. புத்தகம் பத்திரமாக இருக்கிறது.

உன் கடிதத்துக்கு ஒன்பதாம் அத்தியாயம், இந்தக் கடிதத்துக்குப் பத்தாவது, இரண்டும் படித்தேன். பொய் மட்டுமே பேசத் தெரிந்த அந்த நரி எனக்குப் பிடித்துவிட்டது. "குதிக்காதே, கீழே ஆறு இல்லை" என்று அது சொல்ல, அப்படியானால் கீழே ஆறு இருக்கிறது என்று நூலி புரிந்துகொண்டு குதிக்கிறாளே, அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பல் விழுந்த இடம் வலித்தது.

மாமா சொல்கிறபடி கேள். அவனுடைய மெக்கானிக் பட்டறையில் செருப்பில்லாமல் நடக்காதே.

அம்மா

*

ஜூலை 2

அம்மா,

உனக்குப் பல் போனதைப் படித்துவிட்டு மாமா வெளியே போய்விட்டார். டயரை உதைக்கிற சத்தம் கேட்டது.

இங்கேயும் ஒன்று நடந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றான். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தான். கையில் ஒரு பை மிட்டாய். "வீட்டுக்கு வா கண்ணு" என்றான். கண்ணு! சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கால் நகரவில்லை. அவன் என் கையைப் பிடித்தான், உடைத்த அதே கையை. "பெத்த அப்பன்கூட வர்றதுக்கு என்ன? வா" என்று இழுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாட்ச்மேன்கூட, அப்பாவும் பெண்ணும்தானே என்று பீடியை அணைக்காமல் நின்றார். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. ஓடி வந்துவிட்டேன்.

மாமா அவனைத் தேடிப் போனார். டீக்கடையில் பிடித்து அடித்தார். மாமாவுக்கும் உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது. அத்தை அழுதாள். "அடிச்சா அடங்குற ஆளா அவன்? கொம்பு சீவி விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இனி பதினோராம் அத்தியாயம். எனக்கு ரொம்பப் பிடித்தது, நூலி தன் ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டுகிற இடம். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தீட்டுகிறாள். கட்டைவிரலில் வைத்தாலே ரத்தம் வருகிற அளவுக்குத் தீட்டி, பையில் பென்சில்களோடு பென்சிலாக வைத்துக்கொள்கிறாள். கல்தின்னி அடுத்த முறை வந்தால் அவள் ஓட மாட்டாள். மிச்சமிருக்கிற கண்ணிலேயே குத்துவாள். அருமையான அத்தியாயம், இல்லையா?

வாலு

*

ஜூலை 9

என் வாலுக்கு,

பதினோராம் அத்தியாயத்தில் சாணைக்கல் இல்லை.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த மேட்ரன் அம்மாதான் முதலில் கேட்டார். "நானும் அந்த அத்தியாயத்தப் படிச்சேன். நூலி அதுல நரியோட சேந்து பரிசல்லதானே போறா? பென்சில் எங்க வருது?" "இன்னைக்கே எழுது" என்று தாளும் பேனாவும் கொடுத்தார். முறைப்படி அவர் இதை மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நீ தீட்டிப் பையில் வைத்திருப்பது என்ன? ஸ்க்ரூ டிரைவரா? பட்டறையில் வேறு என்ன இருக்கப்போகிறது.

கேள். போன வாரம் இங்கே குளிக்கிற இடத்தில் ஒருத்தியை இன்னொருத்தி குத்தினாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் அடிக்கட்டையைச் சிமென்டில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். நான் பக்கெட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். குத்தினால் எதிராளி விழுந்துவிடுவாள் என்று நீ நினைக்கிறாய். விழவில்லை. கழுத்தில் அது செருகியிருக்க, குத்தியவளின் முடியைப் பிடித்து அவள் தலையைக் குழாயில் மோதினாள், மறுபடி மோதினாள், சோப்புத் தண்ணீர் சிவப்பாகி எங்கள் காலுக்கு வந்தது. குத்தியவள் செத்தாள். குத்துப்பட்டவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இப்படி எழுதினால் நீ பயப்படுவாய். பயப்படத்தான் எழுதுகிறேன்.

அவன் கை நீளம், உன் கை குட்டை. நீ குத்தினால் அவன் விட மாட்டான். பிடுங்குவான். பிடுங்கிய பிறகு அது யார் கையில் இருக்கும் என்று யோசி. அதை இன்றைக்கே மாமாவிடம் கொடு.

அவன் வந்தால் ஓடு. ஓட முடியாவிட்டால் கத்து. ஆனால் "அடிக்கிறான்" என்று கத்தாதே. நான் உன் வயது அளவுக்கு வருஷக்கணக்கில் அப்படித்தான் கத்தினேன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று தெருவே டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். "தீ" என்று கத்து. தன் வீடும் எரியும் என்றால் எல்லோரும் வருவார்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நான் வாய்க்குள்ளேயே படிப்பதைப் பார்த்து எரிச்சலான கத்தரி, "என்னதான்டி இருக்கு அதுல? சத்தமாப் படி" என்றாள். படித்தேன். இப்போது தினமும் விளக்கணைக்கும் முன் கச்சேரிதான். நரியை நம்பலாமா கூடாதா என்று நேற்று இரண்டு பேருக்குக் கைகலப்பே ஆகிவிட்டது. கத்தரி தலையிட்டு இரண்டு பேரையும் அறைந்து உட்கார வைத்தாள்.

அதை மாமாவிடம் கொடு. கொடுத்துவிட்டேன் என்று எனக்கு எழுது.

அம்மா

*

ஜூலை 18

அம்மா,

கொடுக்க மாட்டேன்.

நீ அடிக்கலாம், நான் அடிக்கக் கூடாதா? மாமா டீக்கடையில் அடிக்கலாம், கத்தரி வாயில் உதைக்கலாம், நான் மட்டும் ஓட வேண்டுமா? எங்கே ஓடுவது? பள்ளிக்கூடம் அவனுக்குத் தெரியும். பட்டறையும் தெரியும். நேற்று எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றான். ஒன்றும் செய்யவில்லை. சும்மா பார்த்தான். அத்தை ஜன்னலைச் சாத்திவிட்டாள். சாத்தினால் அவன் இல்லாமல் போய்விடுவானா?

நீ அங்கே கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாய். நீ இங்கே இல்லையே.

ஒப்பந்தத்தை முறித்துவிட்டேன். நேற்று உட்கார்ந்து புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டேன். கல்தின்னியை யார் கொல்கிறார்கள், எப்படிக் கொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். என் நாக்கு அழுகட்டும்.

*

ஜூலை 30

வாலு,

பெயர் போடாமல் அனுப்பிய உன் கடிதம் வந்தது. நீ திட்டியது சரிதான், நான் அங்கே இல்லை.

இதை எழுத ஆரம்பித்து வைத்திருந்தேன். சாயங்காலம் மேட்ரன் அம்மா லாண்டரிக்கே வந்தார். "உன் தம்பி பட்டறையில ஏதோ கலாட்டாவாம். ஆம்புலன்ஸ் வந்துச்சாம். போன்ல அவ்வளவுதான் சொன்னாங்க" என்றார். யாருக்கு என்றேன். தெரியாது என்றார். பெண் குழந்தையா என்றேன். தெரியாது என்றார். மடித்து வைத்திருந்த அத்தனை விரிப்புகளையும் தள்ளிவிட்டுக் கதவில் தலையை முட்டிக்கொண்டேனாம். கத்தரி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தரையில் அழுத்தினாள் என்று பிறகு சொன்னார்கள்.

நெற்றியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். ஒரே ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

அம்மா

*

ஆகஸ்ட் 8

அம்மா,

உயிரோடு இருக்கிறேன். மாமாவும் இருக்கிறார்.

போலீஸ் அம்மாவிடம் சொன்ன மாதிரியே உனக்கும் வரிசையாக எழுதுகிறேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மாமா ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். முன் சக்கரத்தைக் கழற்றி வண்டியை ஜாக்கியில் நிறுத்தியிருந்தார். அவர் கேட்கிற ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"கிளம்பு" என்றான். மிட்டாய்ப் பை எல்லாம் இல்லை இந்தத் தடவை.

குரலைக் கேட்டு மாமா உருண்டு வெளியே வரப் பார்த்தார். இடுப்பு வரைக்கும் வந்துவிட்டார். அவன் ஜாக்கியை உதைத்தான். முதல் உதையில் அது சாய்ந்தது, அடுத்த உதையில் தெறித்தது. வேன் மாமாவின் இடது கால் மேல் உட்கார்ந்தது. மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. டயரில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

அவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். நான் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். தொடையில். உள்ளே போனது. முதலில் ரப்பரில் குத்துவது போல இருந்தது, பிறகு எலும்பில் தட்டி நின்றது. நீ எழுதியிருந்தபடியே அவன் விடவில்லை. ஒரு கையில் என் முடி, இன்னொரு கையால் அதைப் பிடுங்கினான். என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "உங்கம்மா எந்தக் கண்ண எடுத்தா? பாத்துச் சொல்லு. கணக்குத் தீத்துக்குவோம்" என்றான்.

"தீ! தீ! பெட்ரோல் பத்திக்கிச்சு!" என்று கத்தினேன்.

வந்தார்கள் அம்மா. நிஜமாகவே வந்தார்கள். தெருவில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. லேத்துப் பட்டறைக்காரர்தான் முதலில், கையில் இரும்புக் கம்பியோடு வந்தார். அவன் முழங்கையில் ஒரே அடி. ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. என் முடியில் ஒரு கொத்து அவன் கையோடேயே போய்விட்டது. பஞ்சர் கடை அக்கா என்னை இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவனை அடித்தார்கள். கம்பியால், டயர் கழற்றுகிற லிவரால், செருப்புக் காலால். எதிர்ச் சுவரில் அவன் தினமும் நின்றபோது பேசாமல் போனவர்கள்கூட வந்து அடித்தார்கள். சிமென்ட் மூட்டையை அடிப்பது போலத் தொம் தொம் என்று கேட்டது. அவன் வாயிலிருந்து ஏதோ வந்தது. பல்லாக இருக்கும். மிச்சக் கண்ணும் வீங்கி மூடிவிட்டது. யாரோ ஒருவர் வீல் ஸ்பேனரை என் கையில் வைத்தார். "இந்தா பாப்பா, நீயும் ஒண்ணு போடு. உன் ஆத்திரம் தீரட்டும்" என்றார். எல்லோரும் வழி விட்டார்கள்.

நான் இரண்டு கையாலும் அதைத் தூக்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தூக்கினேன். அவன் "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

அப்போது பின்னாலிருந்து "பாப்பா" என்று கேட்டது. மாமா. அவர் இன்னும் வேனுக்கு அடியில் கிடந்தார்! அத்தனை ஆம்பிளைகள் இருந்தும் ஒருத்தர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். தரையில் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து ஓடியது. மாமாவின் உதடு வெள்ளையாக இருந்தது.

"அவன விடுங்க! வண்டியத் தூக்குங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. லேத்துப் பட்டறைக்காரர் மறுபடி கம்பியை ஓங்கினார். நான் வீல் ஸ்பேனரால் அவர் முதுகில் போட்டேன். என் பலம் எல்லாம் சேர்த்து. அவர் அலறிக்கொண்டு திரும்பினார். "ஏய், என்னை ஏன்டி அடிக்கிற?" "வண்டியத் தூக்குங்கண்ணா, மாமா சாகுறாரு!" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். எல்லோரும் சேர்ந்து கையாலேயே வேனைத் தூக்கினார்கள். பஞ்சர் கடை அக்கா மாமாவை இழுத்தாள். கால் கூடவே வந்தது, ஆனால் கால் மாதிரி இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்றுதான் கண் திறந்தார். "வேன்காரருக்குச் சொல்லிட்டீங்களா, வேலை முடியலன்னு" என்று கேட்டார். அத்தை சிரித்து அழுதாள்.

அவனும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். வேறு மாடி. போலீஸ் காவல் இருக்கிறது. லிஃப்ட் அவன் மாடியில் திறந்துவிடுமோ என்று நான் படிக்கட்டில்தான் போகிறேன்.

வாலு

*

ஆகஸ்ட் 17

என் வாலுக்கு,

கடிதத்தை மேட்ரன் அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மூன்று தடவை படித்தேன். என் தம்பியின் கால். சின்ன வயதில் அவனை ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாது, எப்போதும் ஓட்டம்தான். அத்தையிடம் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொல். எங்கள் வீட்டுச் சனியன் அவள் வீட்டுக்குள் போய்விட்டது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ அவனைக் குத்தியதற்காக ராத்திரி விழித்துக்கொண்டு கிடக்காதே. கேட்டால் எனக்கு எழுதிய மாதிரியே சொல், கூட்டாதே குறைக்காதே. ஸ்பேனரைத் தூக்கியதையும் சொல். தூக்கியது குற்றமில்லை. உன் ஆத்திரத்தைக் கீழே போடு என்று இனி நான் கேட்க மாட்டேன். என் வயிற்றில் பிறந்தாய், அது எங்கே போகும்? ஆனால் அத்தனை பேர் வழி விட்டு நிற்கும்போது மாமா கூப்பிட்டது உனக்கு மட்டும் கேட்டது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

லேத்துப் பட்டறைக்காரர் முதுகில் நீ போட்டதை அறையில் படித்துக் காட்டினேன். கத்தரி தொடையில் தட்டிச் சிரித்தாள். "சண்டைக்குப் போன ஒருத்தனாச்சும் சரியான அடி வாங்கினானே!" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் கதையில் யாரும் வண்டியைத் தூக்கவில்லை போலிருக்கிறது.

புத்தகத்தை முடித்துவிட்டோம். நீ முன்னால் படித்தது போல நாங்களும் ஒரே மூச்சில் படித்தோம், எனக்கு அன்றைக்குத் தனியாக இருக்க முடியவில்லை. கல்தின்னி மண்டையில் நூலி ஊசியால் ஒரு குத்து, அது பூப்பூவாக உதிர்ந்துவிட்டது. கத்தரிதான் எழுந்து உட்கார்ந்தாள். "ஒரே குத்துல செத்துருச்சா? யாருக்குடி காது குத்துறாங்க?" என்றாள். மேட்ரன் அம்மா வாசலில் நின்றபடியே, "கொழந்தைங்க புத்தகம், வேற எப்படி எழுதுவாங்க?" என்றார். பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. அதைக் கேட்காமல் எனக்குப் புத்தகம் முடிந்த மாதிரி இல்லை.

அம்மா

*

செப்டம்பர் 3

அம்மா,

அவன் போன வாரம் செத்துப்போனான். அடிபட்டதில் உள்ளே ஏதோ கிழிந்து சீழ் பிடித்துவிட்டதாம். அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது, சாப்பிட்டேன். சந்தோஷம் வரும் என்று எத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் யாராவது கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தால் இப்போதும் கால் நகர மாட்டேன் என்கிறது. செத்தவனுக்கு எதற்கு இன்னும் பயப்படுகிறேன்?

லேத்துப் பட்டறைக்காரரையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜாமீனில் வந்துவிட்டார். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால், "என்ன வாலு, இன்னைக்கு யார் மண்டைய உடைச்ச?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் போய், "முதுகு வலிக்குதா அண்ணா?" என்று கேட்டேன். "வலிக்குது பாப்பா. வலிக்கட்டும்" என்றார்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அக்குள் கட்டையை ஊன்றி நடந்து பழகுகிறார். இரண்டு தடவை விழுந்தார். விழுந்தபோது அத்தை தூக்கப் போனால் கெட்ட வார்த்தை சொல்கிறார், நான் போனால் சொல்வதில்லை. இல்லாத கால் விரல் அரிக்கிறதாம். சொறிந்துகொள்ள முடியாமல் கட்டில் விளிம்பை நகத்தால் பிறாண்டுகிறார். பொழுது போகட்டும் என்று அவருக்கு நம் புத்தகத்தை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அவர் வாழ்க்கையில் கேட்கிற முதல் கதைப் புத்தகம். பாலம் விழுகிற இடத்தில், "இரு இரு. அத்தனை பேர் விழுந்தாங்களே, அவங்க என்ன ஆனாங்க?" என்று நிறுத்தினார். தேடிப் பார்த்தேன். அவர்களைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை. அடுத்த அத்தியாயத்திலேயே மற்றவர்கள் விருந்து சாப்பிடுகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கத்தரி அத்தை சொன்னது சரி. அதை எழுதியவருக்கு ஊசி உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். பூவாக எல்லாம் உதிராது.

ஆனால் எனக்கு இன்னும் சண்டைக் கதைதான் பிடிக்கிறது, என்ன செய்வது? அத்தை பூனைக்குட்டிக் கதை ஒன்று வாங்கித் தந்தாள், தூங்கிவிட்டேன்.

நேற்று மாமாவும் நானும் பழைய புத்தகக் கடைக்குப் போனோம். மாமா கட்டை ஊன்றி நடந்த முதல் தூரம் அதுதான். பாதி வழியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார், திரும்பிப் போகலாமா என்றால் முறைத்தார். கடைக்காரர், "என்ன மாதிரிக் கதை வேணும் பாப்பா?" என்று கேட்டார்.

"சண்டை நிறைய இருக்கணும். பூதம் இருந்தா நல்லது. ஆனா அடிபட்டவங்க அடுத்த அத்தியாயத்துலயும் நொண்டணும்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். ஏணி போட்டு மேல் தட்டில் நெடுநேரம் துழாவினார். ஒரு தடித்த புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்து, "இது கொஞ்சம் பெரிய பசங்க படிக்கிறது. முதல் பக்கத்துலயே ஒருத்தி நொண்டிக்கிட்டுதான் வர்றா, பரவாயில்லையா?" என்றார்.

"ரெண்டு இருக்கா?" என்று மாமா கேட்டார்.

ஒன்று இத்துடன் வருகிறது. மேட்ரன் அம்மாவை இந்தத் தடவை சீக்கிரம் சோதனை போட்டு முடிக்கச் சொல். என்னுடையதை நான் இன்னும் திறக்கவில்லை. நீ கைக்கு வந்ததும் எழுது, சேர்ந்து ஆரம்பிப்போம்.

வாலு